உடம்பு இளைக்கத் தியானம் உதவுமா?

1896-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ந் தேதி. கோகுலாஷ்டமிக்கு முதல் நாள்.

தென்பெண்ணை ஆற்றின் வடகரையில் அரகண்டநல்லூர் என்று ஓர் ஊர். எதிர்க்கரையில் திருக்கோவிலூர். அரகண்டநல்லூரில் பாறை மேல் இருக்கும் சிவன் கோவிலுக்கு அன்று ஒரு பையன் வந்து சேர்ந்தான். வயது 16. மதுரையில் வீட்டைத் துறந்து புறப்பட்டவன். விழுப்புரத்தை அடுத்த மாம்பழப்பட்டு வரை ரெயிலில் வந்தான். அதற்கு மேல் டிக்கெட் வாங்கக் காசு இல்லை. சுமார் 10 மைல் தூரம் நடந்தே வந்துவிட்டான்.

கோவிலில் உட்கார்ந்து தியானத்தில் ஆழ்ந்தான். பூஜை முடிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். இல்லை என்றார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில், திருக்கோவிலூர் கீழூரில் வீரட்டானேசுவரர் கோவில் இருக்கிறது. பையன் அங்கே போனான். மறுபடியும் தியானத்தில் உட்கார்ந்தான். பூஜை முடிந்ததும் மறுபடியும் கேட்டான். அங்கேயும் இல்லை என்றே பதில் வந்தது. அப்போது அந்தக் கோவில் மேளக்காரர் குறுக்கிட்டார். தம்முடைய பங்குச் சோற்றை அந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார்!

சோற்றை வாங்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போன பையன், களைப்பால் மயங்கி விழுந்தான். சோறு மண்ணில் சிதறியது. நினைவு வந்ததும், சிதறிய சோற்றைப் பொறுக்கிச் சாப்பிட்டான்.

யார் அந்தப் பையன்? வெங்கடராமன் என்பது அவன் பெயர். பிற்காலத்தில் உலகம் "ரமண மகரிஷி" என்று போற்றியவர் அவர்தான்! மறுநாள் திருக்கோவிலூரில் ஒரு பாகவதர் வீட்டில் அவருக்குச் சாப்பாடு கிடைத்தது. காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

பசி என்றால் என்ன என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், பின்னாளில் சாப்பாட்டைப் பற்றி என்ன சொன்னார் தெரியுமா?

"நான் யார்?" என்னும் சிறு நூலில் அதற்குப் பதில் இருக்கிறது. சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் 1901, 1902-ம் ஆண்டுகளில் கேட்ட கேள்விகளுக்கு ரமணர் சொன்ன பதில்கள் அடங்கிய நூல் அது. மனதை அடக்க எத்தனையோ நியமங்கள் இருக்கின்றன. அவற்றில் எல்லாம் சிறந்தது, தூய்மையான உணவை அளவோடு சாப்பிடுவது என்றார் ரமணர். பட்டினி கிட என்று அவர் சொல்லவில்லை. வயிறு முட்டச் சாப்பிடு என்றும் சொல்லவில்லை. அளவு! அது ஒன்றுதான் அவர் சொன்ன நியமம்.

காலம் மாறிவிட்டது

அன்று பெரும்பாலான வீடுகளில் கவலை, அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்பது. இன்று பல வீடுகளில் கவலை வேறு. சட்டை பொத்தான் போட முடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முழங்கால் வலிக்கிறது. டாக்டரிடம் போனால், "எடையைக் குறையுங்கள்" என்கிறார்.

இது ஏதோ ஒரு சிலருடைய தொல்லை அல்ல. மத்திய அரசு 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு கணக்கு சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆண்களில் 100-க்கு 37 பேர். இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் பெண்களில் 24 பேர், ஆண்களில் 23 பேர்தான். இந்தப் பந்தயத்தில் தமிழ்நாடு முந்தி நிற்பது பெருமைக்கு உரிய விஷயம் அல்ல.

உங்கள் எடை சரியா என்று நீங்களே கணக்குப் போடலாம். எடையைக் கிலோவில் எழுதுங்கள். உயரத்தை மீட்டரில் எழுதுங்கள். எடையை உயரத்தால் ஒரு முறை வகுத்து, வந்ததை உயரத்தால் இன்னொரு முறை வகுக்க வேண்டும். உதாரணமாக, 160 சென்டிமீட்டர் உயரம், 70 கிலோ எடை என்றால் விடை 27-க்குச் சற்று மேல் வரும். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனால் எடை அதிகம். 25-க்கு மேல் போனால் உடல் பருமன்.

இடுப்புச் சுற்றளவும் முக்கியம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதைத் தாண்டினால் சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, இருதய நோய் ஆகியவை வரும் வாய்ப்பு கூடுகிறது.

நாலாம் நாள் உறுதி

எடையைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். குறைவாகச் சாப்பிட வேண்டும். அதிகமாக நடக்க வேண்டும். தெரிந்தும் ஏன் முடியவில்லை?

ஒரு குடும்பத் தலைவியை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் ஓர் உறுதி எடுக்கிறார். "இனிமேல் இரவில் 2 இட்லிதான். தினமும் ஒரு மணி நேரம் நடக்கப் போகிறேன்." முதல் நாள் ஆனந்தமாகப் போகிறது. இரண்டாம் நாளும் பரவாயில்லை. மூன்றாம் நாள் மழை. நடக்க முடியவில்லை. நாலாம் நாள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. பிள்ளைக்குப் பரீட்சை. அலைச்சல், கவலை. மாலை 4 மணிக்கு டீ போடும்போது மிக்சர் டப்பா கண்ணில் படுகிறது. கை தானாகப் போகிறது. ஒரு பிடி, இரண்டு பிடி. டப்பா காலி!

"சரி, எல்லாம் போயிற்று. அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிறார்.

இந்தக் கதை எத்தனை வீட்டில் நடக்கிறது! அந்த அம்மாளுக்கு அறிவு இல்லையா? இருக்கிறது. ஆசை இல்லையா? அதுவும் இருக்கிறது. பிறகு எது இல்லை? டப்பாவைக் கண் பார்த்ததற்கும் கை போனதற்கும் நடுவில், நின்று யோசிக்க ஒரு விநாடி இல்லை. அவ்வளவுதான்!

அந்த ஒரு விநாடியைத் தருவதுதான் தியானத்தின் வேலை. தியானம் கொழுப்பைக் கரைக்காது. கண்ணை மூடி உட்கார்ந்தால் எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு எவ்வளவு சக்தி செலவாகுமோ, தியானத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் செலவாகும். எடையைக் குறைப்பது சாப்பாட்டு அளவும் நடையும்தான். அந்த இரண்டிலும் மனம் சோராமல் நிலைத்திருக்கத் தியானம் கை கொடுக்கும்.

சோற்றுக்கு முன்னால் ஒரு நினைவு

இது புதிய கண்டுபிடிப்பா? இல்லை. புத்தர் காலத்திலேயே இதை ஓர் அரசன் செய்து பார்த்திருக்கிறான்.

கோசல நாட்டு அரசன் பிரசேனஜித். சாப்பாட்டுப் பிரியன். துரோணம் என்னும் பெரிய அளவு அரிசியைச் சமைத்துச் சாப்பிடுவான். ஒரு நாள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மூச்சு வாங்க வாங்கப் புத்தரிடம் வந்தான். அவன் நிலையைப் பார்த்தார் புத்தர். நினைவோடு இருந்து, உணவில் அளவு அறிந்தவனுக்கு உடல் துன்பம் குறையும், முதுமை மெதுவாக வரும் என்ற கருத்தில் ஒரு பாட்டுச் சொன்னார்.

அரசன் ஒரு தந்திரம் செய்தான். சுதர்சனன் என்ற இளைஞனை அழைத்தான். "நான் சாப்பிடும்போதெல்லாம் இந்தப் பாட்டைச் சொல்" என்றான். அதற்குத் தினம் 100 காசு சம்பளம்! நாளாக நாளாக அரசனுடைய சாப்பாடு குறைந்தது. கடைசியில் ஒரு நாழி அரிசிச் சோற்றில் வந்து நின்றது. உடம்பும் இளைத்தது. பௌத்தர்களின் பாலி மொழி நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? அரசன் பட்டினி கிடக்கவில்லை. ஒரே நாளில் குறைக்கவும் இல்லை. கவளத்தை எடுக்கும் நேரத்தில் மனதை நிறுத்த ஒரு வழி செய்துகொண்டான். படிப்படியாக இளைத்தான்.

பட்டினி என்ன செய்யும்?

"ஒரேயடியாகப் பட்டினி கிடந்தால் சீக்கிரம் இளைக்கலாமே?" என்று சிலர் கேட்பார்கள்.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-ம் ஆண்டு நவம்பர் மாதம், அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை தொடங்கியது. நடத்தியவர் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி. ஆரோக்கியமான 36 வாலிபர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரங்களுக்கு அவர்களுக்கு அரைகுறைச் சாப்பாடுதான் கொடுக்கப்பட்டது. எடையில் கால் பங்கு போயிற்று. கூடவே மன நிம்மதியும் போயிற்று! எந்த நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கிப் படித்தார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தன. சோதனை முடிந்த பிறகு எவ்வளவு சாப்பிட்டும் பலருக்குத் திருப்தி வரவில்லை.

பட்டினி போட்டால் உடம்பு சும்மா இருக்காது. இழந்ததை வட்டியோடு வசூலிக்கும்! அதனால்தான் அவசர அவசரமாக இளைத்தவர்கள், அதே வேகத்தில் மறுபடி பருத்துவிடுகிறார்கள்.

அந்தகன் கதை

பசியைப் போலத்தான் ஆசையும். முரட்டுத்தனமாக அடக்கினால் அது பெருகும். ரமணர் தியானத்தில் அமர்ந்த அதே வீரட்டானேசுவரர் கோவிலின் தல புராணம் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. சிவபெருமான் அந்தகாசுரனை அடக்கிய தலம் திருக்கோவிலூர். அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று.

அந்தகனைச் சூலத்தால் குத்தினால் ரத்தம் சிந்தும். சிந்திய ஒவ்வொரு துளியில் இருந்தும் ஒரு புதிய அசுரன் கிளம்புவான்! வெட்ட வெட்டக் கூட்டம் பெருகியது. கடைசியில், ரத்தத் துளி மண்ணில் விழாமல் ஏந்திப் பிடித்த பிறகுதான் அசுரன் அடங்கினான் என்கிறது புராணம்.

சாப்பாட்டு ஆசையும் இந்த அசுரனுக்குத் தம்பிதான். "மைசூர்பாகை நினைக்கக் கூடாது, நினைக்கக் கூடாது" என்று பல்லைக் கடித்தால், பத்து மைசூர்பாகு கண் முன்னால் வந்து நிற்கும். துளி கீழே விழுவதற்கு முன்னால் ஏந்த வேண்டும். அதாவது, ஆசை எழும்போதே அதை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த ஆலன் மார்லட் என்ற மனநூல் பேராசிரியர், குடியையும் சிகரெட்டையும் விட முயன்றவர்களுக்கு இதையேதான் வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தார். ஆசை என்பது கடல் அலை. எழும்பும். உச்சிக்குப் போகும். பிறகு தானாக விழுந்துவிடும். அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அதில் மூழ்கவும் வேண்டாம். அலை மேல் மிதக்கும் கட்டையைப் போல, மூச்சைக் கவனித்தபடி சற்று நேரம் இருந்தால் போதும். அலை கடந்து போகும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

தியானத்தை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் ஜான் கபாட்-சின். 1979-ம் ஆண்டு அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், தீராத வலியால் அவதிப்பட்டவர்களுக்கு அவர் தியானம் கற்றுக் கொடுத்தார். அவருடைய முதல் பாடம் ஒரே ஓர் உலர்ந்த திராட்சை! அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். முகர வேண்டும். வாயில் போட்டு மெதுவாக மெல்ல வேண்டும். ஒரு திராட்சையில் இவ்வளவு ருசியா என்று அப்போது தெரியும்.

பிறகு ஜீன் கிறிஸ்டெல்லர் என்ற பெண் பேராசிரியர், இதைச் சாப்பாட்டுப் பழக்கத்துக்கே தனிப் பயிற்சியாக ஆக்கினார். அளவு தெரியாமல் அள்ளி அள்ளிச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல பலன் கிடைத்தது. அதிகமாகத் தியானம் பழகியவர்களுக்கு எடையும் கூடுதலாகக் குறைந்தது.

ஆனால், எல்லா ஆராய்ச்சியும் ஒரே மாதிரி முடியவில்லை. கலிபோர்னியாவில் 194 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிப் பாடம். ஒரு பிரிவுக்கு மட்டும் அதோடு தியானப் பயிற்சி. 18 மாதங்கள் கழித்து எடை பார்த்தார்கள். தியானப் பிரிவுக்கு 1.7 கிலோ கூடுதலாகக் குறைந்திருந்தது. இது தற்செயலாகவும் இருக்கலாம் என்றே ஆராய்ச்சியாளர்கள் 2016-ம் ஆண்டு எழுதினார்கள். ஆனால், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரை அளவு, தியானப் பிரிவுக்கு நன்றாக இருந்தது.

மொத்தத்தில் தெரிவது இதுதான். கவலையால் சாப்பிடுவது, கோபத்தால் சாப்பிடுவது, அள்ளி அள்ளிச் சாப்பிடுவது ஆகியவற்றைத் தியானம் குறைக்கிறது. எடை விஷயத்தில் அது துணைவன். அதுவே மருந்து அல்ல.

எடை காட்டும் முள் மெதுவாக நகர்ந்தாலும் சோர வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்தி, 2006-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருட கணக்குப்படி, சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை! நல்ல பழக்கத்துக்குக் கூலி உண்டு. அதை எடை எந்திரம் உடனே காட்டுவதில்லை.

தபோவனமும் ஆழியாறும்

திருக்கோவிலூரை ஒட்டி, திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஞானானந்த தபோவனம் இருக்கிறது. 1974-ம் ஆண்டு சித்தி அடைந்த சுவாமி ஞானானந்த கிரி அமைத்த ஆசிரமம் இது. பிரான்ஸ் நாட்டில் பிறந்த அபிஷிக்தானந்தர் என்ற கிறிஸ்தவத் துறவி, 1955-ம் ஆண்டு சுவாமியைத் தரிசித்தார். மறு வருடமும் வந்து தங்கித் தியானம் பழகினார். அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவும் எழுதினார்.

உடம்பு இளைப்பதற்காக அங்கே யாரும் போவதில்லை. மன அமைதிக்காகப் போகிறார்கள். ஆனால், அலையும் மனதை ஓர் இடத்தில் நிறுத்தும் வித்தை எல்லாவற்றுக்கும் பொதுதான். கடவுளை நினைக்க நிறுத்திய மனம், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் நிற்கும்.

அன்றாட வாழ்க்கைக்கு என்றே தியானம் சொல்லிக் கொடுத்தவர் வேதாத்திரி மகரிஷி. 1911-ம் ஆண்டு கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். பொள்ளாச்சி அருகே ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கண்டவர். உணவு, உழைப்பு, உறக்கம், உடலுறவு, எண்ணம் ஆகிய ஐந்திலும் அளவும் முறையும் வேண்டும் என்பது அவர் போதனை. பட்டியலில் உணவு முதலில் இருக்கிறது, பாருங்கள்!

எப்படிச் செய்வது?

இதற்குக் காசு வேண்டாம். காவி வேண்டாம். எந்த மதத்தாரும் செய்யலாம்.

காலையில் 10 நிமிடம் ஒதுக்குங்கள். பாயிலோ நாற்காலியிலோ நிமிர்ந்து உட்காருங்கள். கண்ணை மூடி, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனம் பால் பாக்கிக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் ஓடும். ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் மெல்ல மூச்சுக்கே திருப்புங்கள். இப்படித் திருப்புவதுதான் பயிற்சி. நூறு முறை ஓடினால் நூறு முறை திருப்பலாம். தவறு இல்லை.

எழுந்திருக்கும் முன், அன்றைக்கு மட்டும் உரிய ஓர் உறுதியை மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். "பத்து கிலோ குறைப்பேன்" என்பது மலை. மலைப்பாக இருக்கும். "இன்று மாலை கடைத்தெருவுக்கு நடந்தே போவேன்" என்பது படி. ஏறிவிடலாம். எதற்காக இளைக்க விரும்புகிறீர்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டும். கோவில் பிராகாரத்தை மூச்சு வாங்காமல் சுற்ற வேண்டும். இப்படி ஒரு காரணம் இருந்தால் மனம் சோராது.

சாப்பிட உட்கார்ந்ததும் மூன்று மூச்சு. அதற்குப் பிறகுதான் முதல் கவளம். முதல் ஐந்து கவளம் வரை பேச்சு வேண்டாம். டெலிவிஷனும் செல்போனும் வேண்டவே வேண்டாம். மெதுவாக மென்று தின்னுங்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். 5 நிமிடத்தில் சாப்பிட்டு எழுந்தால், செய்தி வருவதற்குள் இரண்டு ஆள் சாப்பாடு உள்ளே போயிருக்கும்!

இடையில் ஏதாவது தின்ன ஆசை வந்தால், "இது பசியா, கவலையா, சும்மா வாய் நமநமப்பா?" என்று கேளுங்கள். பத்து மூச்சு எண்ணுங்கள். பிறகும் பசித்தால் சாப்பிடுங்கள். ஒரு கிண்ணத்தில் அளவாக எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். டப்பாவோடு வேண்டாம்.

ஒரு நாள் தவறிவிட்டதா? "எல்லாம் போயிற்று" என்று சொல்லாதீர்கள். தவறியது ஒரு வேளை. அடுத்த வேளை உங்கள் கையில் இருக்கிறது. தியானத்தில் ஓடிய மனதைத் திருப்பியதைப் போலவே, இதையும் திருப்புங்கள்.

தூக்கமும் முக்கியம். தூக்கம் குறைந்தால் பசி தூண்டும் சுரப்பு கூடுகிறது. மறுநாள் இனிப்பும் பலகாரமும்தான் கண்ணுக்குத் தெரியும்.

டீக் கணக்கு

திருக்கோவிலூர் வட்டாரத்தில் கரும்பு செழிப்பாக விளைகிறது. அருகில் மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சர்க்கரை நல்ல தொழில். ஆனால், டம்ளருக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒருவர் தினம் 4 டீ குடிக்கிறார். ஒவ்வொன்றிலும் சர்க்கரை 2 தேக்கரண்டி, அதாவது 10 கிராம். ஒரு நாளைக்கு 40 கிராம். ஒரு வருடத்துக்கு 14 கிலோ 600 கிராம்! டீயில் மட்டும் இவ்வளவு. தினம் ஒரு டீயைக் குறைத்து, மற்ற மூன்றில் சர்க்கரையைப் பாதியாக்கினால், வருடத்துக்கு 9 கிலோவுக்கு மேல் மிச்சம்.

கல்வராயன் மலையில் விளையும் சாமை போன்ற தானியங்கள் நல்ல உணவு. ஆனால், "சிறுதானியம்தானே!" என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் பலன் இல்லை. அதிலும் மாவுச்சத்துதான் அதிகம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். பருப்போ முட்டையோ மீனோ கொஞ்சம். மீதி இடம்தான் சோற்றுக்கு.

வீட்டார் கவனத்துக்கு

வீட்டில் பருத்த உடம்பு உள்ளவரைக் கேலி செய்யாதீர்கள். "குண்டு" என்று அழைத்தால் அவர் இளைத்துவிட மாட்டார். வெட்கத்தால் தனியாகப் போய்ச் சாப்பிடுவார். அதற்குப் பதிலாக, மாலையில் கூட நடக்கக் கிளம்புங்கள்.

பல வீடுகளில் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறார். மீந்ததை வீணாக்க மனம் வராமல், பாத்திரத்தில் இருப்பதை எல்லாம் தம் தட்டில் போட்டுக்கொள்கிறார். அவர் வயிறு குப்பைத் தொட்டியா? மற்றவர்களோடு சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள். மறுநாள் அரிசியை ஒரு கை குறைத்துப் போடுங்கள்.

எச்சரிக்கை

சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போட்டுக்கொள்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டை வெகுவாகக் குறைக்கக் கூடாது. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாங்களாக எடை குறைக்க முயலக் கூடாது. தைராய்டு போன்ற கோளாறாலும் எடை கூடலாம். அதற்கு வைத்தியம் வேண்டும். மன நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள், தியானம் தொடங்கும் முன் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தியானத்தை நம்பி மருந்தை நிறுத்துவது பெரும் தவறு.

வாரம் அரைக் கிலோ குறைந்தால் போதும். 70 கிலோ எடை உள்ளவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே ரத்தச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இறங்கத் தொடங்கும். எடை எந்திரத்தில் தினமும் ஏறி நிற்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரத்தில் பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பல வீடுகளில் விருந்துச் சாப்பாடுதான். சாப்பிடுங்கள். யாரும் தடுக்கவில்லை. முதல் கவளத்துக்கு முன்னால் மூன்று மூச்சு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளும் முன் இன்னும் மூன்று மூச்சு. வேண்டுமா, போதுமா என்று வயிறே பதில் சொல்லும்.